வந்த அன்றே வாக்குரிமை: இஸ்ரேலில் ஒரு வாரம்

ஞாயிறு, பீர்ஷெபா (2023 ஜூன்)

ஓட்டுப் போடும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் எழுதப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

இஸ்ரேலில் ஓட்டு இயந்திரம் கிடையாது. சாவடியில் மறைப்புக்குப் பின்னால் ஒரு தட்டு வைத்திருப்பார்கள். அதில் கட்சிக்கு ஒரு அறையாகப் பிரித்து, அடுக்கடுக்காகக் குட்டிச் சீட்டுகள். சீட்டில் பெரிதாக ஒன்றிலிருந்து மூன்று எபிரேய எழுத்துகள், அடியில் பொடியாகக் கட்சியின் பெயர். உதயசூரியன், இரட்டை இலை மாதிரி சின்னம் எதுவும் இல்லை. வேண்டிய சீட்டை உறையில் போட்டு, வெளியே வந்து பெட்டியில் போட வேண்டும். நான் அரசுப் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் வந்தால் பூத் வேலைக்குப் போய், ராத்திரி வகுப்பறை பெஞ்சில் படுத்துக் கிடந்தவன். அதனால் மகனிடம் முதலில் கேட்ட கேள்வியே, "ஒரு கட்சிச் சீட்டு மட்டும் தீர்ந்துபோனா என்ன பண்ணுவாங்க?" என்பதுதான். தீர்வதும் உண்டாம், எதிர்க்கட்சிக்காரர் சீட்டை எடுத்து ஒளித்துவைப்பதும் உண்டாம். சரி, மனிதர்கள் எங்கேயும் மனிதர்கள்தான்.

மகன் இங்கே பென் குரியோன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். இந்தியப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ் பைபிள் வாசித்தவர்களுக்கு இந்த ஊர் பெயெர்செபா, ஆபிரகாம் கிணறு தோண்டிய இடம். ஜூன் மாத வெயில் கோவில்பட்டிக்காரனுக்குப் புதிதில்லை.

உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் ஒரு யூதர் இங்கே குடியேறும்போதே குடிமகன் ஆகிவிடலாம். 1950-ல் போட்ட சட்டம் அது. பதினெட்டு வயது ஆகியிருந்தால் அடுத்த தேர்தலிலேயே ஓட்டு. ஐந்து வருடம் காத்திரு, மொழித் தேர்வு எழுது என்ற கதையெல்லாம் இல்லை. 1948-ல் நாடு பிறந்தபோது இருந்த யூதர்கள் சுமார் ஆறரை லட்சம். 1951 முடிவதற்குள் வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ ஏழு லட்சம். ஓட்டுக் கணக்குப்படி பார்த்தால் வந்தவர்கள் கைதான் ஓங்கியிருக்க வேண்டும். ஓங்கவில்லை.

ஏன் என்பதற்குப் புத்தகங்களில் பல காரணங்கள் சொல்வார்கள். என் பூத் மூளைக்குப் பட்ட காரணம் ஒன்று: இங்கே தொகுதி கிடையாது. முழு நாடும் ஒரே தொகுதி. கட்சிகள் வாங்கும் ஓட்டு விகிதப்படி 120 இடங்களைப் பிரித்துக்கொள்ளும். கட்சிப் பட்டியலில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பது கட்சியின் கையில். தண்ணீர் வரவில்லை என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க ஒரு எம்.எல்.ஏ. வீட்டு வாசல் இல்லை. பாலைவனத்தில் கொண்டுவந்து இறக்கப்பட்டவன், ஓட்டை வைத்துக்கொண்டு யாரைப் பிடித்து உலுக்குவது?

யாரை உலுக்கினார்கள், எங்கே போய் நின்றார்கள் என்று பார்ப்பதுதான் இந்த வாரத்து வேலை.

திங்கள், நெவாதிம்

பீர்ஷெபாவிலிருந்து டிமோனா போகிற சாலையில் கொஞ்ச தூரத்திலேயே நெவாதிம் வந்துவிடுகிறது. மலையாளிகள் ஊர் என்று சொன்னால் தப்பில்லை. 1954-ல் கொச்சி யூதர்களை இங்கே குடியமர்த்தினார்கள். எறணாகுளம், மட்டாஞ்சேரி, பறவூர், சேந்தமங்கலம், மாளா என்று காயலும் தென்னையுமாக இருந்தவர்களை மழையே பார்க்காத மண்ணில் இறக்கினால் எப்படி இருந்திருக்கும்? முதலில் கோழி, ஆடு, காய்கறி. பிறகு கண்ணாடிக் கூடாரம் போட்டு ஐரோப்பாவுக்குப் பூ அனுப்ப ஆரம்பித்தார்கள். அப்படி ரோஜா வளர்த்த எலியாஹு பெசலேல் என்பவருக்கு 2006-ல் இந்திய அரசு பிரவாசி பாரதிய சம்மான் கொடுத்தது.

அவர்கள் வந்த கதை பலருக்குத் தெரியாது. நாடு பிறந்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தார்கள். வீடு வாசலை விற்றவர்களும் உண்டு. ஆனால் இஸ்ரேல் சுகாதாரத் துறை தயங்கியது. காரணம், யானைக்கால். கொச்சிப் பக்கம் அந்த நோய் இருந்ததால் இவர்கள் கொண்டுவந்து பரப்பிவிடுவார்கள் என்று பயம். எல்லா யூதரும் வரலாம் என்று சட்டம் போட்ட அரசு, இவர்களை மட்டும் சில வருடம் கரையில் நிறுத்தி வைத்தது. கடைசியில் 1953-லிருந்து 55-க்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஊருக்குள் கொச்சி பாணியில் ஒரு ஜெப ஆலயமும் பக்கத்திலேயே சின்ன அருங்காட்சியகமும் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது ஒரு அம்மா எங்களை நிறுத்தி, "நாட்டில் எவிடெயா?" என்றார். எண்பது வயது இருக்கும். நான் தமிழில் பேச, அவர் எழுபது வருடத்துக்கு முந்தைய மலையாளத்தில் பேச, மகனுக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது. வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலில் கறிவேப்பிலை, ஆள் உயரத்துக்கு.

அவருடைய அம்மாவின் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகள் வைத்திருந்தார்கள். கல்யாணப் பாட்டு, பைபிள் கதைப் பாட்டு, ஜெப ஆலயம் கட்டிய பாட்டு. அவற்றைக் கையால் எழுதி, தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அட்டை போய், தையல் விட்டு, ஓரமெல்லாம் மஞ்சளாகிப்போன நோட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பில் எந்த மெட்டு என்று குறிப்பு. நடுவில் ஒரு பக்கத்தில் யாரோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அரிசி என்ற வார்த்தையை என்னால் படிக்க முடிந்தது. பேத்திகளுக்கு இந்த எழுத்து தெரியாது. அதனால் அவர்களுக்காக எபிரேய எழுத்தில் சிலதைப் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஊர்க் கூட்டங்களைப் பற்றிக் கேட்டேன். ஆரம்பத்தில் அதிகாரிகள் அனுப்பிய வழிகாட்டி ஒருவர் இருந்தாராம். எதை நடுவது, எப்போது தண்ணீர் விடுவது, கூட்டத்தில் என்ன தீர்மானம் எழுதுவது எல்லாம் அவர்தான். "அப்பா கையைத் தூக்கும், எழுதுன்னது அவன்" என்றார் சிரித்துக்கொண்டே. அப்புறம் பிள்ளைகள் எபிரேயம் படித்து, கமிட்டியைத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள்.

இந்தச் சமூகத்துக்கு உரிமை கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மட்டாஞ்சேரியில் ஏ.பி. சேலம் என்று ஒரு வக்கீல் இருந்தார். சென்னையில் சட்டம் படித்தவர். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தி, அவருடைய ஆட்களைப் பரதேசி ஜெப ஆலயத்தில் சமமாக நடத்த மறுத்தார்கள். சேலம் அந்த ஆலயத்துக்கு எதிராகவே சத்தியாகிரகம் செய்தார், பாகுபாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. கொச்சி சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். கப்பலில் வந்தவர்களும் விமானத்தில் வந்தவர்களும் பெட்டியில் என்ன கொண்டுவந்தார்களோ தெரியாது, இதைக் கொண்டுவந்தார்கள். நாளைக்கு டிமோனா போனால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

திரும்பி வருகிற வழியில் சாலையின் இரு பக்கமும் தகரக் கொட்டகைகள். பெதூயின் அரபுகளின் குடியிருப்புகள். பல ஊர்களை அரசு ஊராகவே ஏற்கவில்லை, அதனால் மின் இணைப்பு இல்லை. இவர்களும் இஸ்ரேல் குடிமக்கள்தான், ஓட்டு உண்டு. மின்கம்பி தலைக்கு மேலேயே போகிறது.

செவ்வாய், டிமோனா

டிமோனா என்றதும் உலகத்துக்கு அணு உலை ஞாபகம் வரும். எனக்கு இனி அவல் ஞாபகம் வரும். மகனுக்குத் தெரிந்த ஒரு மராட்டிக் குடும்பத்தில் அன்றைக்கு மலீதா சடங்கு. அவல், துருவிய தேங்காய், சர்க்கரை, பழத் துண்டுகள் கலந்து எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் படைக்கிறார்கள். இவர்கள் பெனே இஸ்ரேல் என்கிற யூதர்கள், மராட்டியத்தின் கொங்கண் கரைக்காரர்கள். எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள், சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள். அதனால் ஊரில் இவர்களுக்கு 'சனிவார் தேலி' என்றே பெயர்.

1955-ல் உண்டான ஊர் டிமோனா. அப்போது ஒரு கொள்கை வைத்திருந்தார்கள்: கப்பலிலிருந்து இறங்கியவர்களை நேராக ஊருக்கே கொண்டுபோய்விடுவது. டெல் அவிவ் பக்கம் ஒதுங்க விட்டால் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று கவலை. பக்கத்தில்தான் நகரம் என்று சொல்லி லாரியில் ஏற்றி, இருட்டில் பாலைவனத்தில் இறக்கிவிட்ட கதைகளை மொராக்கோக்காரர்கள் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள். இறங்க மாட்டோம் என்று லாரியிலேயே உட்கார்ந்தவர்களும் உண்டு.

பெனே இஸ்ரேல்காரர்கள் அதற்கும் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 1951-ல், பீர்ஷெபாவில் குடியமர்த்தப்பட்ட சிலர், வேலையிலும் வீட்டிலும் நிறம் பார்க்கிறார்கள், எங்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று டெல் அவிவில், குடியேற்ற வேலையைக் கவனித்த யூத ஏஜென்சியின் அலுவலகத்துக்கு முன்னால் உள்ளிருப்புப் போராட்டம் செய்தார்கள். இரண்டாயிரம் வருடக் கனவு நனவாகிவிட்டது என்று உலகமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு அரசுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? 1952-ல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விமானம் ஏற்றி பம்பாய்க்கு அனுப்பினார்கள். இதில் வேடிக்கை, போனவர்களில் பலர் பிறகு இஸ்ரேலுக்கே திரும்பக் கேட்டு வந்தார்கள். வேடிக்கை என்று சொன்னேனே தவிர, எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. பெண்டாட்டியோடு சண்டை போட்டவனெல்லாம் விவாகரத்து கேட்பதில்லை.

பெரிய போராட்டம் 1960-களில். கல்யாணம் இங்கே மத அதிகாரிகள் கையில். யூதருக்கு ரப்பி, அதாவது யூத மதகுரு, நடத்தி வைத்தால்தான் நாட்டுக்குள் செய்த திருமணம் செல்லும். பெனே இஸ்ரேல் பெண்ணுக்கோ பையனுக்கோ வேறு யூதருடன் கல்யாணம் என்று போனால் சில ரப்பிகள் கைவிரித்தார்கள். இத்தனை நூற்றாண்டு தனியே இருந்தவர்கள், மணமுறிவும் மறுமணமும் முறைப்படி நடந்ததா என்று யாருக்குத் தெரியும் என்பது வாதம். 1962-ல் தலைமை ரப்பி இட்ஸ்ஹாக் நிசிம் காலத்தில் வந்த வழிகாட்டுதல், தாய் வழியில் எத்தனை தலைமுறைக்கு முடியுமோ அத்தனை தலைமுறை விசாரி என்றது. மலீதா வீட்டுப் பெரியவர் சொன்னார்: "என் பாட்டியோட பாட்டி பேரு எனக்கே தெரியாது. அவங்களுக்கு எங்கேருந்து எடுத்துக் கொடுப்பேன்?" அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஜெருசலேம் போயிருக்கிறார்.

1964 கோடையில் ஊர் ஊராக இருந்து குடும்பத்தோடு கிளம்பி ஜெருசலேமில் போய் உட்கார்ந்தார்கள். கல் எறியவில்லை. பாயை விரித்துச் சமைத்துச் சாப்பிட்டு, குழந்தைகளைத் தூங்கவைத்து, அங்கேயே கிடந்தார்கள். உண்ணாவிரதமும் இருந்தார்கள். பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. ஆகஸ்டில் நாடாளுமன்றம் கூடியது. பிரதமர் லெவி எஷ்கோல் அரசு, பெனே இஸ்ரேல் மக்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று அறிவித்தது. ரப்பிகள் சபை தன் உத்தரவிலிருந்து அந்தச் சமூகத்தின் பெயரை எடுத்துவிட்டு, குடும்பநிலையில் சந்தேகம் உள்ள எவரையும் விசாரிக்கலாம் என்று மாற்றி எழுதியது. பெயரை எடுத்தார்களே தவிர விசாரணையை எடுக்கவில்லை. நம்மூர் அரசாணைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தை நன்றாகவே புரியும்.

புதன், ஹைஃபா

ரயிலில் வடக்கே வந்தோம். துறைமுகத்துக்கும் மேல்நகரத்துக்கும் நடுவில் சரிவாக இறங்குகிறது வாதி சலீப். படிக்கட்டுகள், வளைவு வைத்த ஜன்னல்கள், உள்ளே மரம் முளைத்த கல்வீடுகள். பல வாசல்களைக் கல்லும் சிமென்ட்டும் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

1948 ஏப்ரலுக்கு முன் இது அரபுக் குடியிருப்பு. சண்டையில் அவர்கள் ஓடவேண்டியதாயிற்று. அந்த வருடத்துப் போரில் வீடிழந்த பாலஸ்தீனர்கள் சுமார் ஏழு லட்சம், அவர்களைத் திரும்ப அனுமதிக்கவில்லை. காலியான இந்த வீடுகளில் மொராக்கோவிலிருந்து வந்த யூதர்களை அறைக்கு ஒரு குடும்பமாக அடைத்தார்கள். மேலே ஹதார் பகுதியில் ஐரோப்பிய யூதர்கள். வேலை வேண்டும் என்றால் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் சிவப்பு அட்டை வேண்டும், மருத்துவமும் அதன் வழியாகத்தான், அந்தக் கூட்டமைப்போ ஆளுங்கட்சியான மபாயின் கையில். ஓட்டுரிமை இருந்தும் வாயைத் திறக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

1959 ஜூலையில் இங்கே ஒரு காபிக் கடைத் தகராறில் போலீஸ் சுட்டு ஒரு மொராக்கோக்காரர் காயப்பட்டார். செத்துப்போனார் என்று வதந்தி. மறுநாள் கூட்டம் கிளம்பி, படியேறி ஹதாருக்குப் போய்க் கடைகளையும் கார்களையும் நொறுக்கியது. ஆளுங்கட்சி அலுவலகமும் தப்பவில்லை. வேறு ஊர்களுக்கும் பரவியது. அரசு விசாரணைக் கமிஷன் போட்டது. முன்னணியில் நின்ற தாவிது பென் ஹரோஷ் கைதானார், அந்த வருடக் கடைசியில் நடந்த தேர்தலில் அவருடைய வட ஆப்பிரிக்கர் சங்கமும் தனிச் சீட்டோடு நின்றது. நாடாளுமன்றத்தில் இடம் கிடைக்க வாங்க வேண்டிய குறைந்தபட்ச ஓட்டு அப்போது ஒரு சதவீதம்தான், அதையும் தாண்டவில்லை. நம் பாஷையில் டெபாசிட் காலி. ஊரே எரிந்தபோது கூட நின்றவர்கள், சாவடிக்குப் போனதும் வேலை கொடுக்கிற கட்சியின் சீட்டைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஹைஃபா கடற்கரை நன்றாக இருந்தது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வியாழன், ஜெருசலேம்

முஸ்ராரா பழைய நகரத்தின் டமாஸ்கஸ் வாசலிலிருந்து நடக்கிற தூரம். இங்கேயும் அதே கதை, வசதியான அரபுக் குடும்பங்கள் கட்டிய வீடுகள். 1948-க்குப் பிறகு ஜோர்டான் எல்லைக் கோடு பக்கத்திலேயே ஓடியதால் வேறு யாரும் குடிவரத் தயங்கிய இடம், வட ஆப்பிரிக்க யூதர்களுக்கு வந்தது. இப்போது கலைப் பள்ளிக்கூடம், புதுப்பித்த வீடுகள், வாடகை ஆகாயத்தில்.

இங்கே வளர்ந்த பையன்கள் 1971-ல் ஒரு அமைப்பு ஆரம்பித்து, அமெரிக்கக் கறுப்பர் இயக்கத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்: கருஞ்சிறுத்தைகள். அந்தப் பெயர் அரசைப் பயமுறுத்தும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டார்கள், மறுத்தார்கள், முன்கூட்டியே சிலரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அப்படியும் நகராட்சி முன்னால் கூட்டம் கூடியது. ஏப்ரலில் பிரதமர் கோல்டா மேயர் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு, அவர்கள் நல்ல பிள்ளைகள் இல்லை என்று அவர் சொன்னது நாடெங்கும் பரவியது. இன்றைக்கு முஸ்ராராவில் ஒரு சந்துக்கு 'அவர்கள் நல்ல பிள்ளைகள் இல்லை' என்றே பெயர்ப்பலகை. போராடியவர்களை ஊர் இப்படித்தான் செரித்துக்கொள்கிறது.

எனக்குப் பிடித்தது 1972-ல் அவர்கள் செய்த பால் வேலை. விடியற்காலையில் வசதிக்காரர்கள் வசிக்கும் ரெஹாவியா தெருக்களுக்குப் போய், வாசலில் வைத்திருந்த பால் பாட்டில்களை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த இடத்தில் ஒரு சீட்டு: உங்கள் நாய் பூனைக்குப் போக வேண்டிய பாலை ஏழைப் பிள்ளைகளுக்குத் தந்ததற்கு நன்றி என்கிற மாதிரி. பாட்டில்கள் ஏழைக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தன. பிற்பாடு சார்லி பிட்டோன் உட்பட இரண்டு சிறுத்தைகள் நாடாளுமன்றத்துக்கும் போனார்கள். ஆனால் மொராக்கோ மாதிரி நாடுகளிலிருந்து வந்த கிழக்கத்திய யூதர்களின் ஓட்டு மொத்தமாகத் திரும்பியது 1977-ல். மபாயின் வாரிசுகள் நாடு பிறந்ததிலிருந்து வைத்திருந்த ஆட்சியை இழந்தார்கள், லிக்குட் கட்சியின் மெனாஹெம் பெகின் வந்தார். பெகின் போலந்துக்காரர் என்பது வேறு விஷயம்.

மதியம் ஹெர்ஸல் மலை. எத்தியோப்பியாவிலிருந்து சூடான் வழியாக நடந்து வருகையில் செத்த யூதர்களுக்கு அங்கே ஒரு நினைவிடம். ஏறத்தாழ 4,000 பேர். 1984-ல் தொடங்கிய மோசே நடவடிக்கையில் விமானத்தில் கொண்டுவந்தார்கள். பிறகு 1991 மே மாதம், ஒன்றரை நாளில் 14,000-க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். வந்தவர்களுக்கு என்ன நடந்தது? டிமோனா பெரியவர் கேட்டால் சிரிப்பார். உங்கள் யூதத்தனம் சந்தேகம், சடங்குக் குளியல் செய்யுங்கள் என்றார்கள். 1985-ல் எத்தியோப்பியர்கள் தலைமை ரப்பி அலுவலகத்துக்கு எதிரே வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 1996 ஜனவரியில் இன்னொன்று வெளிவந்தது: அவர்கள் தானம் செய்த ரத்தத்தை, சொல்லாமலே கொட்டிக்கொண்டிருந்தது ரத்த வங்கி. பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் திரண்டு போலீஸோடு மோதினார்கள். அதே வருடம் அதிசு மெசெலே என்பவர் அவர்களில் முதல் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குப் போனார். மூன்று வயதில் வந்த ப்னீனா தமானோ ஷாத்தா 2020-ல் குடியேற்றத் துறை அமைச்சரே ஆனார். அதற்கு முந்தைய வருடம்தான் எத்தியோப்பிய இளைஞன் ஒருவனைப் பணியில் இல்லாத போலீஸ்காரர் சுட்டுக் கொன்று, நாடெங்கும் சாலை மறியல் நடந்திருந்தது.

ட்ராமில் எதிரே உட்கார்ந்திருந்தவர் கிழக்கு ஜெருசலேம் பாலஸ்தீனர், மருத்துவமனை ஊழியர். இதே நகரத்தில் பிறந்தவர், வரி கட்டுகிறார். நகராட்சிக்கு ஓட்டுப் போடலாம், நாடாளுமன்றத்துக்குக் கிடையாது. நிரந்தரவாசி என்று அட்டை வைத்திருக்கிறார். நேற்று விமானத்தில் வந்தவருக்கு இருப்பது இவருக்கு இல்லை.

வெள்ளி, பீர்ஷெபா

மதியத்துக்கு மேல் பஸ் இல்லை, ரயில் இல்லை. பக்கத்து வீட்டு மொராக்கோ அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். எண்ணெயும் மிளகாயும் தூக்கலாக மீன் குழம்பு. இந்த நாட்டில் எனக்கு நாக்கு விழித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஐந்து வயதில் வந்தவர். தேர்தலுக்கு முந்தின ராத்திரி கட்சி ஆள் வீட்டுக்கு வந்து, எழுதப் படிக்கத் தெரியாத தன் அம்மாவின் கையில் சீட்டை மடித்து வைத்து, விரலையும் மூடிவிட்டுப் போவாராம். 1977-ல் அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டு லிக்குட் சீட்டைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். இவரும் அன்றிலிருந்து அதே சீட்டுதான்.

தொகுதி இல்லாததைப் பற்றி நான் சொன்னதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மேயர் இருக்காரே" என்றார். யோசித்தால் சரிதான். நாடாளுமன்றப் பட்டியலில் இடம் கிடைக்காதவர்கள் உள்ளூர் மன்றம் வழியாகத்தான் ஏறியிருக்கிறார்கள். மொராக்கோவில் பிறந்து கட்டட வேலை செய்த தாவிது லெவி, பெய்த் ஷெயான் என்கிற சின்ன ஊரிலிருந்து கிளம்பி வெளியுறவு அமைச்சர் வரை போனார். ஸ்தெரோத்தில் மேயராக இருந்த அமீர் பெரெட்ஸ் தொழிலாளர் கட்சிக்கே தலைவரானார். 1978-லிருந்து மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் என்று அப்போது குறித்திருந்தார்கள். இந்த அம்மா ஒரு வேட்பாளருக்காக அதற்குள்ளேயே தெருவில் இறங்கி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த வேட்பாளரின் வாசலில் குடத்தோடு நிற்கலாமா என்று கேட்டேன். "அவன் வீட்டுக்குள்ளேயே போய் உக்காருவேன்" என்றார்.

நாளைக்கு டெல் அவிவில், உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் அரசுத் திட்டத்துக்கு எதிரான போராட்டத்தைப் பார்க்கப் போகிறோம் என்றதும் முகம் மாறியது. "முப்பது வருஷம் அவங்க ஆண்டப்ப எங்களுக்காக யாராவது ரோட்டுக்கு வந்தாங்களா? தோத்ததும் ஜனநாயகம் ஞாபகம் வருது" என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கோர்ட்டைக் கட்டிப்போடுவதுதான் அதற்கு மருந்து என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ரப்பி மறுத்தால், போலீஸ் அடித்தால், சின்னச் சமூகங்கள் போய் நிற்க அது ஒரு வாசல். சொன்னேன். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

சனி இரவு, டெல் அவிவ்

மகனின் நண்பர் காரில் போனோம். 2023 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் கப்லான் தெருவில் கூட்டம் நடந்துவந்தது. உச்ச நீதிமன்றத்தின் கையைக் கட்ட நீதித் துறை அமைச்சர் யாரிவ் லெவின் கொண்டுவந்த திட்டத்துக்கு எதிராக. தெரு முழுக்க நீல வெள்ளைக் கொடி. தப்பட்டம் மாதிரி டிரம், "தெமோக்ரத்யா" என்று ஒரே குரல். குழந்தைகளைத் தோளில் தூக்கி வந்திருக்கிறார்கள். நம்மூர் மாநாடு மாதிரி பஸ்ஸில் ஏற்றி வந்த கூட்டமாகத் தெரியவில்லை.

ஓரத்தில் ஒரு சிறு அணி, ஆக்கிரமிப்பு இருக்கும்வரை ஜனநாயகம் ஏது என்று பதாகை பிடித்திருந்தது. நடுவில் பாலஸ்தீனக் கொடி. அதைச் சுருட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்றவர்களே சத்தம் போட்டார்கள். எத்தியோப்பிய முகங்களைத் தேடினேன். போலீஸ் வரிசையில்தான் அதிகம் தெரிந்தன.

ரஷ்ய எழுத்தில் பதாகை வைத்திருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பொறியாளர், 1991-ல் வந்தவர். சோவியத் உடைந்த காலத்தில் வந்த பத்து லட்சம் பேர் முந்தியவர்களைப் போல உட்கார்ந்து போராடவில்லை, நேராகக் கட்சி ஆரம்பித்தார்கள். சோவியத் சிறையில் ஒன்பது வருடம் இருந்த நதான் ஷரான்ஸ்கியின் கட்சி 1996-ல் நின்ற முதல் தேர்தலிலேயே 7 இடம் பிடித்தது. 1999-ல் அவர்களுடைய முழக்கமே, உள்துறை அமைச்சகம் எங்கள் கையில் வரவேண்டும் என்பதுதான். யார் யூதர் என்று பதிவு செய்கிற அலுவலகம் அது, அப்போது மதக் கட்சியான ஷாஸிடம் இருந்தது. தேர்தல் முடிந்ததும் ஷரான்ஸ்கி உள்துறை அமைச்சரும் ஆனார்.

"ஆகி என்ன மாறியது?" என்றேன். தாத்தா யூதர் என்பதால் குடியுரிமை பெற்று, தாய் யூதர் இல்லாததால் ரப்பியின் கணக்கில் வராதவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அவருடைய மகள் அதில் ஒருத்தி. ராணுவத்தில் இரண்டு வருடம் இருந்தாள், ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டாள், போன வருடம் கல்யாணத்துக்கு சைப்ரஸ் போக வேண்டியிருந்தது. அங்கே பதிந்துகொண்டு வந்தால் இதே உள்துறை அமைச்சகம் ஏற்றுக்கொள்ளும், இங்கே செய்ய மட்டும் வழியில்லை. இரண்டு குடும்பத்துக்கும் விமான டிக்கெட், ஓட்டல் வாடகை, லார்னகா நகராட்சிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ரசீதை பத்திரமாக வைத்திருக்கிறாராம். அடுத்து யார் உள்துறை அமைச்சராக வந்தாலும் அவருக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார், வட்டியோடு.